மிளகாய் அரைத்த பிறகு

என் மகளுக்கு வலிப்பு நோய் இருந்தது. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. அவள் ஒன்பதாவது படிக்கும்போது, ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் தியான வகுப்பு ஆரம்பித்தார்கள். செம்புக் கம்பியால் செய்த பிரமிடுக்குக் கீழே உட்காரவைத்து, தலையில் கை வைத்துச் சக்தி ஏற்றுவார் வகுப்பு நடத்திய மாஸ்டர். படிப்பில் கவனம் கூடும் என்று என் மகளும் போனாள்.

"உடம்பே மருந்து செய்யும்மா. நீ மாத்திரைய நம்புத வரைக்கும் அது எப்படிச் செய்யும்?" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. அவளும் மாத்திரையை எங்கள் கண்முன்னே வாயில் போட்டு, கொல்லையில் போய்த் துப்பியிருக்கிறாள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து, பின்னால் நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு அடியில் விழுந்தாள். ஒரு பழக்கடைக்காரர் காலைப் பிடித்து இழுத்தார். மதுரை ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. இன்றும் இடது கையால்தான் எழுதுகிறாள்.

மாஸ்டரிடம் போனேன். "அவ முழுசா நம்பல சார்" என்றார், மெல்லிய குரலில். போலீஸில், "அவரு மருந்து எதும் குடுத்தாரா? இல்லேல்ல? என்னன்னு எழுத?" என்றார்கள்.

வ. புதுப்பட்டிப் பக்கம் வயல் நடுவே ஓர் அம்மன் உண்டு. அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாய் வற்றலை அரைத்து அவள்மேல் பூசி, செய்தவன் பெயரைச் சொல்வார்கள். அந்த எரிச்சலோடு அவள் அவனைத் தேடிப் போவாளாம். காரியம் முடிந்ததும் எண்ணெயும் பாலும் ஊற்றி அவளைக் குளிர்விக்க வேண்டும். நான் பி.காம். படித்து மில் ஆபீஸில் வேலை பார்ப்பவன். போனேன்.

அம்மியில் என் கை ஓடவில்லை. முறைக்குக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, அது பேனா இல்ல. அமுக்கி அரைங்க."

பூசாரி கேட்டார்: "என்ன செய்யணும்னு வெவரமாச் சொல்லணும்."

"கை விழணும்."

"எந்தக் கை?"

"எம்பிள்ள தலையில வச்ச கை."

அடுத்த வருடம் மாஸ்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"அண்ணாச்சி, அவியளுக்கு வலது கை விழுந்து போச்சு. நீங்க மிளகா அரைச்சீயளாமே. ஒரு எட்டு போய்க் குளுத்தி வச்சிட்டு வாங்க."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"பிரஷராம். அதுக்குண்டான மாத்திரைய அவிய எப்பமோ நிறுத்திட்டாவ. எங்கிட்டயும் சொல்லல."

ஊரை ஏமாற்றுகிறவர் என்றே அதுவரை அவரை வெறுத்திருந்தேன். தான் சொன்னதை அவர் நம்பித்தான் இருந்திருக்கிறார். இதைக் கேட்டால் மனம் இளகவேண்டும் இல்லையா. இளகவில்லை. தன் உடம்போடு நிறுத்திக்கொண்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

"இப்ப மாத்திரை போடுதாரா?"

"போடுதாவ."

"பொறவென்ன. அதையே விடாமப் போடச் சொல்லுங்க."

என் மனைவி கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமல் அவர் படியிறங்கிப் போனார். அந்தத் தண்ணீரை என் மனைவி வாசலில் ஊற்றினாள். பிறகு, "குளுத்தாம விட்டா ஏவுனவுக பக்கமே திரும்புமாம். நமக்கும் ஒரு பிள்ளதான்" என்றாள்.

அது எனக்கும் தெரியும். மகள் இப்போது கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். சாயங்காலம் கல்லூரி பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நிற்கிறேன். ஒருநாள் வெகுநேரமாகியும் பஸ்ஸைக் காணவில்லை. எதிர்க் கடையில் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு, புதுப்பட்டி போகிற பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்போது கல்லூரி பஸ் வந்தது. டயர் பஞ்சராம். அவள் யாருடனோ சிரித்துப் பேசியபடி இறங்கினாள்.

எண்ணெயை வீட்டில் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். புதுப்பட்டிக்கு இன்னும் போகவில்லை.