வெள்ளி கலந்த உறைத்தாள்

வேதியியலில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறியது. திக்கும் நாக்கை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் வாயைத் திறந்தது. "ஒரு மாசம் தாங்க மாட்டான்" என்று சித்தப்பா சொன்ன ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக நிலைத்து நின்றது. உணவு சுற்றும் மக்கும் தாளைக் குமிழி ஒன்றுகூட விழாமல் கண்ணாடித் தட்டில் வார்க்கக் கற்றது. தம்பி வென்றவை இவை. தையல் கடை நடத்தும் அக்காவுக்கு எல்லாம் விரல்நுனியில் இருந்தன. துணி வாங்க வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் அனுப்புவாள்.

அந்தத் தாள் மாவுச்சத்துக் கூழை வார்த்துக் காயவைத்துச் செய்தது. கிருமியைக் கொல்வதற்காகக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களை அதில் கலப்பார்கள். கிருமி வளர்த்த தட்டில் ஒரு துண்டை வைத்தால், சுற்றிலும் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் தெரியும். வட்டம் சிறுத்தே விழுந்துகொண்டிருந்ததால், ஒருநாள் தம்பி தன் இஷ்டத்துக்கு வெள்ளியைத் தாராளமாகச் சேர்த்துவிட்டான். வட்டம் அகலமாக விழுந்தது. ஆய்வுக்கூடமே கைதட்டியது. வெட்டிய பழம் விற்கும் ஒரு கடைக்காரர் உடனே கேட்டார். மறுநாள் காலையில் முதல் கட்டுகள் போவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"என்னடா, தட்டுல கிருமி தேடுறியா?" என்றாள் அக்கா.

"வ... வட்டம் ஏன் பெரிசாச்சுன்னு யாருமே கேக்கலக்கா."

"நல்லா வேலை செய்யுது, பெரிசாச்சு. இதுல கேக்க என்ன இருக்கு?"

"தாள்ல இருக்கிற வெள்ளி வெளிய வந்தாத்தான் சுத்தியிருக்கிற கிருமி சாகும். தட்டுல வந்தது பழத்துல வராதா? பழத்தோட புளிப்பு இன்னும் இழுக்கும். அளவு மீறினா உடம்புக்கு ஆகாது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சாயம் போற துணின்னா நான் நனைச்சுப் பாத்துட்டுத்தான் தைப்பேன். நீங்க பாக்க மாட்டீங்களா?"

"பாப்போம். புளிப்புத் தண்ணில பல நாள் ஊற வெக்கணும். கடைக்காரர் அவசரப்படுறாருன்னு விட்டுட்டாங்க."

"உங்க ஆய்வுக்கூடப் பெரியவர்கிட்ட சொல்லிடு."

"கூடப் போட்டது நான்தானே? வேலை போயிடும்."

இந்த வேலை போனால் அவன் இன்னொரு நேர்முகத் தேர்வில் உட்கார வேண்டும். முதல் தேர்வுக்கு முன் அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியும்.

காலையில் கடையைத் திறக்காமல் அவன் பின்னாலேயே கிளம்பினாள். "நீ எங்க?" என்றதற்கு, "காத்து வாங்க" என்றாள்.

வாசலில் வண்டி நின்றது. கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. அக்கா நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தம்பி தலைமை ஆய்வாளர் முன்னால் நின்றான். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லைத் தானே தள்ளிவிடுவதுபோல அக்காவின் உதடும் அசைந்தது.

"வெ... வெள்ளி கூடப் போட்டது நான்தான், சார். ஊற வெச்சுப் பாக்காம பழத்துக்குக் குடுக்கக் கூடாது."

"இதை இப்பவா சொல்றது? வண்டி வாசல்ல நிக்குதுய்யா!"

"தெரியும், சார்."

"அந்தக் கடைக்காரர் வேற எடம் தேடிப் போயிடுவாரு. அதுவும் தெரியுமா?"

"தெ... தெரியும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடு. உன் பேருலயே குடு."

அதுவரை அவன் செய்த சோதனைகளெல்லாம் மற்றவர்கள் பெயரில்தான் போயிருந்தன.

"எ... என் பேரா?"

"பின்ன, உங்க அக்கா பேரா? அங்க உக்காந்து நகத்தையே தின்னு தீத்துட்டாங்க, பாரு."

வேலை நிலைக்குமா என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பெரியவர் வாசலுக்கு ஆள் அனுப்ப, வெளியே கட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளியை அளவுக்கு மேல் சேர்த்தது தான்தான் என்றும், புளிப்புச் சோதனை முடியும்வரை இந்தத் தாளில் உணவு எதையும் சுற்றக் கூடாது என்றும் எழுதினான். எழுத்து கோணவில்லை. அடியில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டான். ஆய்வறிக்கையில் அவன் போட்ட முதல் கையெழுத்து அது: 2019 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை.