சிசிலி ஒயினும் சுட்ட விளமீனும்

அக்காவைக் கட்டியவர் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தார். இத்தாலிக்காரர்களுக்குச் சிசிலி என்றொரு தீவு உண்டு. அங்கே அவருடைய கப்பல் இரண்டு நாள் நின்றதாம். அந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு மனிதர் காரைக்குடியில் பத்து நாள் அலட்டினார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பிடித்தது ஒரு பாட்டில் வெள்ளை ஒயின்.

அறுபதுகளின் கடைசி; மதுவிலக்கு இருந்த காலம். இரும்புப் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே ஒளித்து, பம்பாயிலிருந்து கத்திரி வெயிலில் ரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அதற்கும் நாங்கள் தலையாட்டினோம். கல்யாணமாகி மூன்று வருஷமாக அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பம்பாயில் வீடு பார்த்திருப்பதாகவும், இந்தத் தடவை அவளை அழைத்துப் போகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தார். யோசிக்கிறாராம்! அதற்காக அம்மா, அவர் தும்மினால்கூட எழுந்து நின்றாள்.

அந்த ஒயினுக்கு எது சேரும், எது சேராது என்று தினமும் பாடம் நடந்தது. கடல் மீனைச் சும்மா சுட்டு, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்க்க வேண்டும். இறால் ஆகும். புளியும் மிளகாயும் பட்டால் ஒயின் செத்துவிடும். அக்கா வைத்த நண்டுக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு சொன்னார் இதை.

"பம்பாயில என்கூட வேலை பாக்குறவுக வீட்டுக்கு வருவாக. அவுகளுக்கும் இந்தப் புளியைத்தான் கரைச்சு ஊத்துவா. இவ நாக்குக்கு என்ன ருசி தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாக்குக்குப் பரீட்சை. காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான் கடற்கரையில் இருக்கும் தொண்டிக்குப் பஸ் ஏறிப் போய் விளமீன் வாங்கி வந்தேன். சோடாக் கடையில் ஐஸும் வாங்கினேன். அக்கா மீனைத் தணலில் வாட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தாள். நன்றாகவே இருந்தது.

பாட்டிலின் தக்கை சூட்டில் பாதி வெளியே தள்ளியிருந்தது. அவர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, முகர்ந்து, கண்ணை மூடி, "எலுமிச்சைப் பூ வாசம்" என்றார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். புளித்துப்போன சுத்தக் காடி. ஊறுகாய் போடக்கூட ஆகாது. அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

"பிரமாதம் அத்தான்" என்றேன்.

அடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் நுனிநாக்கில் வைத்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "இது கெட்டுப் போச்சுங்க. குடிக்காதீக, வயித்துக்கு ஆகாது."

அவர் சிரித்தார். "உன் தம்பிக்குத் தெரியுது, உனக்குத் தெரியலை பாரு. நீ சொல்லு மச்சான், கெட்டா போச்சு?"

உண்மையைச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்து அக்காவை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். "இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் நாக்குக்கு ருசி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, புதன்கிழமை அவர் தனியாக ரயிலேறினார். அவரைத் திட்ட எனக்கு என்றைக்கும் சொல்லுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அக்கா அவரைத் திட்டவில்லை, அழவும் இல்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அவுகதான் அப்படி. உனக்குமாடா புளிக்கலை?"