கடைசி அறையைக் காலி செய்தவள்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தபோது, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது. கதை கட்டிச் சொல்வதால் எனக்கு ஒரு காசு லாபமில்லை. இதை அனுபவித்தவள் இன்றும் நன்றாக இருக்கிறாள், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். இதைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

அவளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை அவளைப்போல மிதித்தவர் யாருமில்லை. அந்தக் கால் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்தும். கணவர் ஓட்டும் காரில் கேட்கவே வேண்டாம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். "உன் பக்கம் கால்மிதி மறுபடியும் ஓட்டையாயிடுச்சு" என்பதுதான் அவர் அதிகபட்சமாகச் செய்யும் புகார்.

இப்படிப்பட்டவள் கர்ப்பமானாள். வலிக்கு அவள் பயப்படவில்லை. உடம்பு தன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்பதுதான் பயம். சின்ன வயதில் தொண்டையில் ஆபரேஷன் செய்தபோது நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, முகத்தில் ஒரு ரப்பர் மூடியை வைத்தார்கள். அந்த ரப்பர் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால் தனக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். மயக்க மருந்து கூடாது. யாரும் பிடித்து அமுக்கக் கூடாது. எது செய்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அம்மாவைக்கூட வரவேண்டாம் என்றாள். அம்மா வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தார்.

"பொறந்ததும் போன் பண்றேன், அப்ப வா. நீ பக்கத்துல நின்னு அழுதா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

அம்மா போனை வைத்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் பிரசவ வார்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். மூன்றாவது மாடி. நீளமான நடை. இந்தக் கோடியில் ஆபரேஷன் தியேட்டர், அந்தக் கோடியில் கடைசி அறை. போய்ப் படுத்துப் பார்த்தாள். படுத்தபடியே சுவர்க் கடிகாரம் தெரிந்தது. கட்டிலை ஏற்றி இறக்கும் கைப்பிடி படுத்திருப்பவர் கைக்கே எட்டியது. அவளுக்கு அது போதும்.

"எனக்கு இந்த ரூம்தான் வேணும், சிஸ்டர்."

வார்டில் எல்லோரும் 'பெரிய சிஸ்டர்' என்று கூப்பிடும் தலைமை நர்ஸ் சிரித்தார். "ரூமை முன்னாடியே பிடிச்சு வைக்கிறதெல்லாம் இங்க கிடையாதும்மா. யாருக்கு வலி முந்துதோ அவங்களுக்கு. அதுவும் இது தியேட்டருக்கு ரொம்பத் தூரம்."

பிரேக் அக்கா நேரே கீழே இறங்கி மேலாளரைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரி மேலாளர் மூன்று தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்று, நாலாவது தடவை அவளிடம் கற்றுக்கொண்டு தேறியவர்.

"உங்களுக்கு இல்லாத ரூமாக்கா? வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க."

வலி வந்தது ஒரு புதன்கிழமை காலையில். கணவர் காரை எடுத்தார். வழி நெடுக அவள் வலது காலை அழுத்திக்கொண்டே வந்தாள். "சிக்னல்... சிக்னல்... அந்தச் சைக்கிளைப் பாருங்க." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது மாடியில் லிப்ட் திறந்தது. பெரிய சிஸ்டர் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிரேக் அக்கா உட்காரவில்லை. நேரே கடைசி அறைக்குப் போய்க் கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஆள் இருந்தது.

ஒரு பெண். நிறைமாதம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் துணைக்கு ஒருவரும் இல்லை. குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேக் அக்காவுக்கு ஒரு வலி வந்து போனது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூம்ல ஆள் இருக்காங்க. மேலாளருக்குப் போன் போடுங்க."

கணவர் தயங்கினார். "பாவம், அவங்களும் வலியோடதானே வந்திருப்பாங்க. பக்கத்து ரூம்ல இருந்துக்கலாமே..."

"போடுங்கன்னா போடுங்க!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்றார்" என்றார். அந்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. அந்தப் பெண் தானாகவே வெளியே வந்தாள். வெறுங்கால். ஒரு கை சுவரில், இன்னொரு கை அடிவயிற்றில். மெதுவாக... மிக மெதுவாக நடந்தாள். பிரேக் அக்காவைக் கடக்கும்போது நின்றாள்.

பிரேக் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ கண்ணைப் பாத்திருந்தா 'நீங்களே இருங்க'ன்னு சொல்லியிருப்பேன்" என்று பிறகு சொன்னாள். "அதுக்குத்தான் நான் பாக்கல."

அறைக்குள் போய்ப் படுத்தாள். கேட்ட கட்டில், கேட்ட கடிகாரம், கைக்கு எட்டும் கைப்பிடி. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது கேட்கவில்லை. இளைய நர்ஸ் ஒருத்தி வந்து வயிற்றில் பட்டையைக் கட்டி, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மெஷினை மாட்டினாள்.

"ஷீட்டை மாத்திடுங்களேன். இதுல அவங்க இருந்தாங்க."

"யாரும் இருக்கலையே. காலையில நான்தான் விரிச்சேன்."

பிரேக் அக்கா கையை வைத்துப் பார்த்தாள். விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஓரம் மட்டும் ஈரம்.

அடுத்த வலி வந்து அடங்கியது. மூச்சை இழுத்து விட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ம்ம்ம்ம்...

சுவருக்கு அந்தப் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் முனகும் சத்தம்.

அவள்தான். பக்கத்து அறையில் போட்டிருக்கிறார்கள். சரி, ஒரு கட்டில் கிடைத்துவிட்டது என்று பிரேக் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

நர்ஸ் ஏதோ மருந்து வேண்டும் என்று கணவரைக் கீழே அனுப்பினாள். நடையில் யாரோ கூப்பிட, அவளும் வெளியே போனாள்.

அடுத்த வலி. அது முடிந்ததும் அந்தப் பக்கம் முனகல். அதற்கடுத்த வலி. மறுபடியும் முனகல். இவளுக்கு முடிந்தால் அவளுக்கு ஆரம்பம். இரண்டு பேர் மாறி மாறிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல.

பிறகு அது மாறியது.

முனகல் முதலில் வந்தது. அதன் பிறகுதான் இவளுக்கு வலி.

தற்செயல் என்று நினைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். காத்திருந்தாள். உடம்பில் ஒன்றுமில்லை. வயிறு தளர்ந்து கிடந்தது.

ம்ம்ம்ம்...

உடனே இடுப்பைப் பிளந்துகொண்டு வந்தது வலி.

நிறுத்தப் பார்த்தாள். வலது கால் தானாகக் கட்டிலை அழுத்தியது. அழுத்தினாள்... அழுத்தினாள்... நிற்கவில்லை. அந்தப் பக்கம் முனகல் ஓய்ந்த பிறகுதான் இந்தப் பக்கம் வலி ஓய்ந்தது. இந்த உடம்பை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை.

சுவரில் ஒரு தட்டல்.

டொக்.

கொஞ்ச நேரம் கழித்து...

டொக். டொக்.

யாரையோ கூப்பிடுகிற தட்டல். அவளும் மணியை அழுத்திப் பார்த்து, யாரும் வராமல் தட்டுகிறாள். தனியாக. தான் எழுப்பிவிட்டதால் தனியாக.

அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. பட்டையைக் கழற்றினாள். எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டில் இல்லை.

அது அறையே இல்லை. துணி மூட்டைகள் அடுக்கும் இடம். கூரை வரைக்கும் வெள்ளை மூட்டைகள். ஜன்னல் கிடையாது.

மூட்டைகளுக்கு நடுவில், தரையில், அவள் உட்கார்ந்திருந்தாள்.

தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது... ஆனால் தரை ஈரமாகவில்லை.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றாள் பிரேக் அக்கா. "தப்புப் பண்ணிட்டேன். அது உங்க ரூம். வாங்க... நீங்களே வந்து படுத்துக்குங்க."

கையை நீட்டினாள்.

அந்தக் கை வந்து பிடித்தது.

ஜில்லென்று...

எழுந்தாள். வெளியே வந்தாள். ஆனால் அந்தப் பெண் கடைசி அறைப் பக்கம் திரும்பவில்லை.

எதிர்ப்பக்கம் நடந்தாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா..."

கை விடவில்லை. பிரேக் அக்காவின் கால்கள் அவளோடு போயின. இவள் நிறுத்தச் சொன்னாள். கால்கள் கேட்கவில்லை.

நீளமான நடை.

ஒருவரும் இல்லை.

பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது.

தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ நழுவியது.

இன்னும் நடந்தாள்.

தியேட்டர் கதவு.

கை விட்டது.

விழுந்தாள்.

ஆபரேஷன் ஒன்றை முடித்துவிட்டு டாக்டரம்மா அப்போதுதான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். குனிந்து பார்த்தவர் போட்ட சத்தத்தில் பெரிய சிஸ்டர் ஓடிவந்தார். குழந்தைக்கு முந்தித் தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டிருந்தது. சொல்லிவிட்டுச் செய்ய நேரமில்லை. நாலு பேர் தூக்கினார்கள். கையையும் காலையும் பிடித்தார்கள். முகத்தில் அந்த ரப்பர் வாடை. அவள் திமிறவில்லை. "அவங்களை முதல்ல பாருங்க" என்று சொன்னதாக மட்டும் ஞாபகம்.

கண் விழித்தபோது குழந்தை பிழைத்திருந்தது. பெண்.

மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்றார். "எதுக்கும்மா எழுந்து நடந்தீங்க? படுத்திருந்தா கொடி இறங்காமலே இருந்திருக்கலாம்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இறங்கறதுன்னு இருந்தா படுத்திருந்தாலும் இறங்கியிருக்கும். அந்தக் கோடியிலேர்ந்து உங்களைத் தள்ளிட்டு வர்றதுக்குள்ள குழந்தை தங்கியிருக்காது. ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியல" என்றார்.

மேலாளரும் வந்து பார்த்தார். பிரேக் அக்கா அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள்.

"எந்தப் பொண்ணுக்கா? உங்க வீட்டுக்காரர் சொன்னதும் மேல போன் பண்ணேன். ரூம் காலியாத்தான் இருக்குன்னாங்க. நான் யாரையும் எழுப்பச் சொல்லலையே. அன்னைக்குக் காலையில வார்டுல நீங்க ஒருத்தர்தான்."

அம்மா வந்து சேர்ந்தது அன்று பிற்பகல். லிப்டிலிருந்து வெளியே வந்தவர் நடையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாராம். கணவர்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தார். பேத்தியைக் கையில் வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மகள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"நீ பொறந்தது இந்த மாடியிலதான்" என்றார். "அப்ப உங்கப்பாவுக்கு இங்க ஆபீஸ்ல வேலை. கடைசி ரூம்தான் காத்தோட்டமா இருக்கும்னு சொல்லி, அதுல இருந்த ஒருத்தியை எழுப்பச் சொன்னார். மழையில நனைஞ்சு தனியா வந்தவ. கேக்க நாதி இல்ல. எழுந்து போயிட்டா."

"எங்க போனாங்க?"

"துணி மூட்டை போடற இடத்துல ஒரு பாயை விரிச்சுக் குடுத்திருக்காங்க. எனக்கு இழுத்துக்கிட்டே போச்சு. வார்டுல இருந்த எல்லாரும் என்கூடதான் இருந்தாங்க. தட்டியிருக்கா போல. நாங்க யாரும்..." அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "தாயும் போயிட்டா, பிள்ளையும் போயிடுச்சு. வீட்டுக்குக் கிளம்பற அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"எந்த வாயால சொல்றது?"

பிரேக் அக்காவால் அம்மாவைத் திட்ட முடியவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். குழந்தை சிணுங்கியது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு, பாதிக் குரலில் சொன்னார்.

"ரூமை விட்டுப் போறப்ப என்கிட்ட நின்னா. என் வயித்துல கையை வச்சா. கை ஜில்லுனு இருந்துச்சு. 'உங்களுக்குப் பொண்ணுதான் பொறக்கும். அவளுக்கும் இந்த ரூமே கிடைக்கும். அவ பொண்ணுக்கும் கிடைக்கும்'னு சொன்னா."

அம்மா குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ வாழ்த்துறான்னு நினைச்சேன்டி."