சர்வேயர் வீட்டு இரைச்சல்

முப்பத்துநாலு வருடம் நிலத்தை அளந்த பால்வண்ணநாதன், ஓய்வு பெற்றதும் சத்தத்தை அளக்க ஆரம்பித்தார். சொந்த ஊர் திருவேங்கடம். மானாவாரிச் சீமை. அங்கே மழை பெய்தால் தாலுகா ஆபீஸே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும்.

போன பங்குனியில், மனைவி வடிவம்மாளுக்கு அவள் அப்பா விட்டுப்போன குற்றாலத்து வீட்டுக்கு இருவரும் குடிவந்தார்கள். பேரருவிக்குக் கூப்பிடு தூரத்தில், கடைத்தெருவை விட்டு ஒதுங்கிய சந்து. பாத்திரம் பண்டமெல்லாம் ஒரு குட்டியானையில் அடங்கிவிட்டன. சர்வேயரின் பாட்டுப் பெட்டிகளுக்குத்தான் லாரி பிடிக்க வேண்டியிருந்தது. புனலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் பதினோரு வருடம் நச்சரித்து வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர். ஜெர்மன் ரெக்கார்ட் பிளேயர். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. லாரியிலும் அடங்காமல் ரயிலில் வந்த அந்த ஸ்பீக்கர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஏற்றியபோது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டதாம். ஆட்டோ வழிநெடுகப் போலீஸ்காரர்களுக்கு சல்யூட் அடித்தபடியேதான் வந்து சேர்ந்ததாம்.

பெட்டிகளை அவர் சும்மா வைத்துவிடவில்லை. ஹாலுக்கு ஒரு புல வரைபடம் போட்டார். டேப்பைப் பிடித்து, நூல் கட்டி, ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஏழடி, ஒவ்வொன்றிலிருந்தும் தன் நாற்காலிக்கு ஏழடி என்று முக்கோணம் வகுத்து, தரையில் சிவப்புப் பெயிண்டால் எல்லை போட்டார். வடிவம்மாள் பெருக்கும்போது இடது ஸ்பீக்கரை நாலு விரற்கடை தள்ளிவிட்டாள்.

“ஏட்டி, இது ஆக்கிரமிப்பு தெரியுமா?”

“நோட்டீஸ் அனுப்புங்க. பெருக்கி முடிச்சுட்டு வாசிக்கேன்.”

இரண்டு மாதம் பெட்டி தேனாகப் பாடியது. வைகாசிக் கடைசியில் ஒரு காலை, நாகஸ்வர ரெக்கார்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியவர் திடுக்கென்று திறந்தார். நாயனத்துக்குப் பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். பத்தாயிரம் முறுக்கை ஒரே சட்டியில் போட்ட மாதிரி.

“வடிவு, உனக்குக் கேக்கா?”

“நாயனம் கேக்கு.”

“அதுக்குப் பின்னால?”

“பின்னால செவுருதான் இருக்கு.”

வால்வுகளைக் கழற்றித் துடைத்தார். வயர்களை மாற்றினார். கொல்லையில் செம்புக் கம்பி புதைத்து எர்த் போட்டு, அதற்கு வேளாவேளைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினார். பிரிட்ஜை நிறுத்தினார், பால் திரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். மிக்ஸிக்குத் தடை போட்டார். வடிவம்மாள் அம்மியில் சட்னி அரைத்தாள். இரைச்சல் மட்டும் அசையவில்லை. பெட்டியை அணைத்த பிறகும் அது காதில் ஒட்டிக்கொண்டே இருந்ததால், தென்காசிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார். இருபது வயசுக்காரனுடைய காது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அங்கே இரைச்சலும் இல்லை. ஆம்ப்ளிஃபயரை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வந்ததும் காது தெளிந்துவிட்டது, ஆகவே குற்றவாளி ஆம்ப்ளிஃபயரேதான் என்று பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதினார் சர்வேயர்.

வடிவம்மாளும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள்.

“ஞாயித்துக்கிழம எங்கண்ணன் வீட்டுல இருந்து பதினாலு பேரு குளிக்க வாராங்க. பெட்டி ஒழுங்காப் பாடுச்சுன்னா இருக்கட்டும், அவங்க மாடியில படுத்துக்கிடுவாங்க. இப்பிடிக் கொடல உருவிப் போட்டுக்கிட்டு ஹால்ல கெடந்துச்சுன்னா, யூசுப் பாய் வண்டியில ஏத்தி விட்டுருவேன்.”

வடகரை முகம்மது யூசுப்புக்கும் இதே பைத்தியம்தான். வளைகுடாவில் சம்பாதித்த காசில் தென்னந்தோப்பு வாங்கி, தேங்காய் வைக்கிற அறையில் ஸ்பீக்கர் வைத்தவர். எங்கே கண்டாலும், கல்யாண வயசுப் பெண்ணை விசாரிப்பதுபோல ஆம்ப்ளிஃபயரைத்தான் விசாரிப்பார். சனிக்கிழமைக்குள் இரைச்சல் போகாவிட்டால் மொத்தத்தையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று மனம் வெறுத்துப் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார் சர்வேயர். கொடுத்துவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு பாய் வேனோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்.

“இருக்கத்தான் செய்யுது அண்ணாச்சி.”

அவ்வளவுதான். சர்வேயரின் கடைசி நம்பிக்கையும் உதிர்ந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பெட்டிகளைத் தூக்க அவரும் ஒரு கை கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர், பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் வேனில் ஏறின. தண்ணீர் குடிக்க இருவரும் வெறும் ஹாலுக்குத் திரும்பினார்கள்.

‘ஸ்ஸ்ஸ்.’

“பாய், வண்டி எஞ்சின் ஓடுதா?”

“சாவி என் பையில கெடக்கு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்பீக்கர் நின்ற இடத்துச் சுவரில், ஆளுக்கொரு பக்கமாகக் காதை வைத்தார்கள். காபியோடு வந்த வடிவம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“செவுத்துல என்ன ஒட்டுக் கேக்கீங்க?”

“பெட்டி வண்டில இருக்கு வடிவு. சத்தம் இங்கன தங்கிட்டு!”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வந்த சிரிப்பில் காபித் தம்ளர்கள் தட்டில் ஆட ஆரம்பித்தன.

“இதுக்கா ரெண்டு வாரமா எனக்கு அம்மிச் சட்னி? ஏங்க, இது அருவிச் சத்தம்லா! தண்ணி விழ ஆரம்பிச்சுப் பதினஞ்சு நாளாச்சு!”

“கேக்கலன்னு சொன்னியேட்டி!”

“அதெல்லாம் ஒரு சத்தமா? நான் பொறக்கையிலயே விழுந்துக்கிட்டுதான இருந்துச்சு.”

சர்வேயர் ‘ஹா’ என்று ஒரு துள்ளு துள்ளினார். அறுபது வயசுக்கு அது ஒன்றரை அடியாவது இருக்கும். ஆனால் பாய் முகத்தில் வேறொரு வெளிச்சம் பரவியது. வடகரையில் அருவி கிடையாது.

“அப்போ சாமான்ல பழுதே இல்ல. நான் கெளம்புதேன் அண்ணாச்சி!”

அவர் வாசலுக்கு ஓட, சர்வேயர் முந்தி ஓடி, எல்லைக்கல் மாதிரி வேனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“வாக்குக் குடுத்தீங்கல்லா?”

“இரைச்சல் உள்ள ஆம்ப்ளிஃபயரத்தான் தாரேன்னு சொன்னேன். இது இரைச்சல் இல்லாதது. வேற சாமான் வே!”

“மதினி, இது நியாயமா? நீங்களே சொல்லுங்க.”

ஹால் ஒழிந்து, பளிச்சென்று கிடந்தது. வடிவம்மாள் அதை ஒரு தடவை ஆசையாகப் பார்த்தாள். வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரையும் பார்த்தாள்.

“எறக்குங்க பாய். ரெண்டு வாரமா என்னயச் செவிடாக்கி வச்சிருக்காரு. அந்த நாக்காலில நான் உக்காந்து, ஒரு சுருதி விடாமக் கேட்டுக் காட்டணும்.”

பாய் பெருமூச்சு விட்டார். மதினி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஸ்பீக்கர்கள் சிவப்பு எல்லைக்குள் திரும்ப நின்றன. ஒரு விரற்கடை பிசகியதைப் பாயே டேப் பிடித்துத் திருத்தினார். வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சர்வேயரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. நாயனம் எழுந்தது. அவள் தலையாட்டினாள், தொடையில் தாளம் போட்டாள். பிறகு தாளம் நின்றது. புருவம் சுருங்கியது.

“ஏங்க, பின்னால இரையுதே.”

“எது?”

“அதான், அருவி! அம்பத்தாறு வருசமா இல்லாம இப்போ கேக்கு. ஐயோ, விடாமக் கேக்குங்க! இத எங்கன போயி நிறுத்த?”

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சர்வேயர் சிரிக்கக்கூடப் பயந்து நின்றார். வடிவம்மாள் விருட்டென்று எழுந்து போய், யாரும் தொடக்கூடாத அந்த வெள்ளிக் குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். சன்னல் கம்பி அதிர்ந்தது. ஓட்டிலிருந்த குரங்குகள் குட்டிகளை அள்ளிக்கொண்டு பாய்ந்தன. பேரருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், எந்தக் கோயிலில் கொடைவிழா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

“இன்னும் போகுமா?” என்று கத்தினாள் வடிவம்மாள், குமிழிலிருந்து கையை எடுக்காமலே.

“போகும்!” என்று கத்தினார் சர்வேயர்.