மகள் கல்யாணத்துக்குக் கட்டிய கில்ட்

ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கொசுவப் பாவாடைதான் கில்ட். அதற்கு இஸ்திரி போடும் வேலையை லாக்லன் யாரிடமும் விட்டதில்லை. கொசுவத்தின் நுனியைப் பெரிய தையலாக ஓட்டி நிறுத்தி, ஈரத்துணியை மேலே விரித்து, அழுத்தி அழுத்தி எடுப்பார். கிர்கால்டியில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை. அன்று காலை அந்தக் கையிலும் ஒரு மடிப்பு இரண்டு கோடாக விழுந்தது.

"பேன்ட் போட்டுக்கோயேன், லாக்லன். யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி எல்ஸ்பெத்.

"ஷோனா கேப்பா. எந்தக் கல்யாணத்துக்கும் இதைத்தானே கட்டுவேன், இன்னிக்கு ஏன் இல்லைன்னு சொல்லணும்."

சொல்ல முடியாதது அவர் வலது தொடையில் வாரால் கட்டியிருந்தது. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். மூத்திரக் குழாயும் பையும் இன்னும் பத்து நாளைக்கு இருக்க வேண்டும். கல்யாண வேலையில் இருக்கும் மகள் ஷோனாவைக் கலவரப்படுத்துவானேன் என்று ஆபரேஷனையே மறைத்துவிட்டார்கள். கில்ட் முட்டிவரை மறைக்கும். காற்றைக்கூடச் சமாளித்துவிடலாம், மனிதர்கள்தான் பயம். கில்டுக்கு உள்ளே ஒன்றும் போடாததுதான் வழக்கம் என்பார்கள்; கட்டியவனைப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்காத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. சிலர் கேட்பதோடு நிற்பதுமில்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில் ஒரு பெண்மணி அவருடையதைப் பின்னாலிருந்து தூக்கியே பார்த்துவிட்டாள். அன்று அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

கல்யாணம் நடக்கும் டண்டீக்குப் போன ரயிலில் எதிர் வரிசையில் ஆறு பெண்கள். தோழிக்குக் கல்யாணம் என்று கொண்டாடக் கிளம்பியவர்கள். மார்பில் ரோஜா நிறப் பட்டை, கையில் ஒயின்.

"தாத்தா! உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"ஷூவும் சாக்ஸும்." முப்பது வருஷமாகச் சொல்லும் பதில். இன்று பாதிதான் வந்தது.

"ஐயோ, முகம் செவந்துபோச்சு பாருடி!"

"அவருக்கு முட்டி வலிம்மா, விடுங்க" என்றாள் எல்ஸ்பெத்.

"முட்டியைத்தான் பாக்கப் போறோம்!"

ஒருத்தி குனிந்து ஓரத்தைத் தொட்டாள். லாக்லன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது தெரிந்தது, விடத் தெரியவில்லை. அவள் அலறிய பிறகுதான் விட்டார்.

"விளையாட்டுக்குத்தானே! பைத்தியமாய்யா உனக்கு?"

பெட்டி முழுக்க அவரைப் பார்த்தது. இதைக் கட்டிக்கிட்டு வந்தா நாலு பேர் கேக்கத்தான் செய்வாங்க என்று யாரோ முனகினார்கள். எல்ஸ்பெத் தன் கோட்டைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். டண்டீ வரும்வரை அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

ஹோட்டல் அறைக்கு ஷோனா கல்யாண உடையோடு ஓடிவந்தாள்.

"அப்பா, ஜம்முனு இருக்கீங்க! ராத்திரி முதல் ஆட்டம் நீங்களும் நானும். வாத்தியக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். சுத்துற சுத்துல மாப்பிள்ளை வீடு அசந்துபோகணும்!"

சுற்றினால் கில்ட் குடையாக விரியும். நூற்றிருபது பேர் பார்ப்பார்கள்.

"நான் ஆடலைம்மா."

"என்னது? ஊரான் கல்யாணத்துல எல்லாம் மேசை மேல ஏறாத குறையா ஆடுவீங்க!"

"இன்னிக்கு வேணாம்."

எல்ஸ்பெத் வாயைத் திறந்தாள். லாக்லன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நியாலை உங்களுக்குப் பிடிக்கலை. அதானே?" ஷோனாவின் குரல் இறங்கியிருந்தது. "அவரைக் கட்டிக்கிறது பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அப்படியில்லை என்று சொன்னால், பின்னே ஏன் ஆடலை என்பாள். தொடையில் பை கனக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா."

 ஷோனா உடையின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.