வெறும் மெஷின்

2024 மே 12, ஞாயிறு, பகல் ஒன்று பத்து, நல்ல வெயில். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஞாயிறன்று சத்தம் போடக்கூடாது என்பது விதி. மேல்வீட்டிலோ சலவை மெஷின் அதிர்ந்தது. முறையிடப் போனேன்.

அங்கே தனியாக இருக்கும் ஒல்லி மனிதர் கதவைத் திறந்தார். மெஷினுக்குள் ஒரு துணியும் இல்லை. முடி உலர்த்தும் கருவி வெறும் நாற்காலியைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

"வெயிலுக்குச் சோலார் கரண்ட் கூடி, விலை சைபருக்குக் கீழ போயிட்டுது, அண்ணை." அவருக்கு மணிக்கு மணி மாறும் கட்டணம்.

"மேல வரி கிடக்கெல்லே? காசு மிச்சம் வராது," என்றேன்.

"தெரியும். மலிவான நேரத்திலதான் வீட்டில ஆக்கள் இருக்கிற மாதிரிச் சத்தம் போடலாம். உங்கட வீட்டில ஒரு சத்தமும் கேக்கிறேல்லை. பயமில்லையோ?"

படியிறங்கி என் வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தியதும் வீட்டின் அமைதி காதை அழுத்தியது. என் மெஷினையும் வெறுமனே ஓடவிட்டேன். எனக்கு எந்நேரமும் ஒரே கட்டணம்: யூனிட்டுக்கு முப்பத்து நான்கு சென்ட்.