ஐம்பதாவது வீடு

எம்.பி.ஏ. இரண்டாம் வருடத்தில் 'தொழில்முனைவு' என்ற பாடத்தை எடுத்துத் தொலைத்தேன். கூடப் படித்தவர்கள் ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் என்று புத்திசாலித்தனமாக எடுத்து, பரீட்சை எழுதிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். எங்கள் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. நிஜமாகவே ஒரு தொழிலைத் தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். செமஸ்டர் முடியும்போது கையில் ஐம்பது வாடிக்கையாளர்கள் இருந்தால், கல்லூரியின் தொழில் மையத்தில் ஒரு வருடத்துக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல், அதோடு சரி.

எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் பூ மார்க்கெட் இருக்கிறது, பூ வைக்காத வீடு இல்லை. அதனால் கட்டிய பூவைத் தினமும் காலையில் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்தால் போதும். வேண்டாத நாளில் 'லீவு' என்று அனுப்பினால் போதும். எங்கள் தெருக்களில் கூடையோடு பூ விற்று வந்த அக்காவையே கட்டித் தரக் கேட்டேன். வெயிலில் அலைய வேண்டாம் என்றதும் அவள் கூடையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். முதல் பிரசன்டேஷனில் நான் அதைத்தான் பெரிய சாதனையாகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

விடிவதற்குள் எழுந்து அக்கா வீட்டில் பூவை வாங்கி, ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றி, கேட் கேட்டாக மாட்டிவிட்டு, கல்லூரிக்குப் போகத் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அம்மாவிடம், உன் மகள் எம்.பி.ஏ. படித்துவிட்டுப் பூ விற்கிறாளாமே என்று துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். பேங்க் பரீட்சைக்கு ஃபாரம் வந்திருக்கிறது என்று அப்பா வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டினார்.

இதெல்லாம் போதாதென்று எங்கள் பேராசிரியர். சென்னைக்காரர். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: கஸ்டமர்கிட்ட கேட்டீங்களா? முழம் என்றால் எத்தனை சென்டிமீட்டர், அளவை ஒரே சீராக்குங்கள் என்றார். நாற்பத்தைந்து என்று வைத்து, அக்காவிடம் ஸ்கேலைக் கொடுத்தேன். மறுநாளே ஒரு அம்மா தன் முழங்கையை வைத்து அளந்துபார்த்துவிட்டு, குறைகிறது என்று போனில் ஏசினாள். அவள் கை நீளத்துக்கு நான் என்ன செய்வேன்? இதைப் பேராசிரியரிடம் சொன்னால், அளவை மாற்றுவதற்கு முன்னால் கஸ்டமரிடம் கேட்டீர்களா என்கிறார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்கேலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அக்கா தன் கையாலேயே அளந்து, கொஞ்சம் கூடுதலாகவும் விட்டாள்.

நாற்பத்தொன்பதில் வந்து நின்று வெகுநாள் இழுத்தது. ஐம்பதாவதாகச் சேர்ந்தது வடக்கு ரத வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு வீடு. வயதான கணவன் மனைவி இருவர் மட்டும். தினமும் இரண்டு முழம். ஒன்று சாமி படத்துக்கு, ஒன்று அந்த அத்தையின் தலைக்கு. அன்றைக்குத் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, பட்டியலை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம்தான். ஒருநாள் அந்த வீடு பூட்டியிருந்தது. பூவை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளும் பூட்டு. அதற்கு மறுநாள், முந்தின இரண்டு நாள் பூவும் வாடிப்போய்க் கேட்டிலேயே தொங்கின. எனக்குக் கோபமான கோபம். ஊருக்குப் போகிறவர்களுக்கு ரெண்டெழுத்து அனுப்ப என்ன கேடு என்று திட்டிக்கொண்டே மூன்றாவதையும் மாட்டினேன்.

நான்காம் நாள் காலை, அக்கா நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அந்த வீட்டு அண்ணாச்சி தவறிட்டாவல்லா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில. காரியமெல்லாம் சொந்த ஊர்ல வச்சு நடக்கு. ஒனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தும் ஏன் கட்டினாய் என்று கத்தினேன். நீ கட்டச் சொன்னாய், கட்டினேன் என்றாள். கூடையோடு அலைந்த காலத்தில் அவள் அந்த வாசலில் குரல்கூடக் கொடுத்திருக்க மாட்டாள்.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். நல்லவேளை, அவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வாடிய பூக்களை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவள் கண்ணில் இது பட்டிருந்தால்? பட்டியலில் அந்தப் பெயரை அழித்தேன். துக்க வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகக்கூட எனக்கு முகமில்லை. அதன்பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

அடுத்த ரிவ்யூவில், ஏன் ஒன்று குறைந்தது என்று பேராசிரியர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பூ வேண்டாம்னு அவங்க சொன்னாங்களா? கேட்டீங்களா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், வகுப்பு என்றும் பார்க்காமல், எங்கள் ஊரில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள் சார், தெரிந்துகொள்வார்கள் என்று வெடித்துவிட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். இவருக்கு ஊரும் தெரியாது, உலகமும் தெரியாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் பொருமினேன். செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருந்தது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கேட்டுப் பார்த்தும் ஒரு வீடுகூடப் புதிதாகச் சேரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ மார்க்கெட் வாசலில் யாரோ என் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தினார்கள். பார்த்தால் அந்த அத்தை. முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. மூன்று நாள் பூ மாட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஏட்டி, என் பூவ எதுக்கு நிப்பாட்டுன?"

நான் விழித்தேன்.

"கூடைக்காரியையும் நீ உள்ள உக்கார வச்சுட்ட. இந்தக் காலை வச்சுக்கிட்டு அவுக படத்துக்கு ஒரு முழம் பூவுக்கு நான் மார்க்கெட்டுக்கு நடக்கேன். துட்டிக்கு வந்தவளுக எல்லாம் எனக்கு இனி எது வேணும், எது வேண்டாம்னு அவளுகளே முடிவு பண்ணிட்டுப் போனாளுக. படிச்சவ, நீயுமா?"

நாளையிலிருந்து கொண்டுவருகிறேன், ஒரு முழம்தானே என்றேன்.

"பழையபடி ரெண்டு."

ஒன்று படத்துக்கு. இன்னொன்று? நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் கேட்டுவிட்டேன்.

"அத நான் என்ன செஞ்சா ஒனக்கென்ன? கேக்க வேண்டிய நேரத்துல கேக்காதவ, இப்ப வந்து கேக்கா."

மறுநாள் பூவைக் கேட்டில் மாட்டாமல், கதவைத் தட்டி அவள் கையில் கொடுத்தேன்.

கடைசி ரிவ்யூவில் பட்டியலில் ஐம்பது பெயர் இருந்தது. விட்டுப்போன கஸ்டமர் எப்படித் திரும்பி வந்தார் என்று பேராசிரியர் கேட்டார். "கேட்டேன் சார்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வகுப்பே கைதட்டியது. நான் சொன்னது பொய். கேட்டது அவள்தான்.